கனத்த எழுத்தில் வெள்ளையைக் காப்பது: வடிவியல் தலைப்பெழுத்துருவை வரைதலும் பயன்படுத்துதலும்

தடித்த வடிவியல் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பவர் அதன் கருமையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். வட்டம், சதுரம், முக்கோணம் என்று பள்ளிக்கூட வடிவங்களால் ஆன எழுத்துகள், எங்கும் ஒரே தடிமனில் ஓடுகிற கோடுகள், சாலையின் மறுபக்கத்திலிருந்தே கண்ணைப் பிடித்து நிறுத்துகிற கனம். போஸ்டருக்கும் புத்தக அட்டைக்கும் கடைப் பலகைக்கும் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கண்ணை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய கண்ணைப் படிக்க வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைக் கருமை செய்கிறது. இரண்டாவதை, அந்தக் கருமைக்கு உள்ளேயும் ஓரத்திலும் மிஞ்சியிருக்கும் வெள்ளை செய்கிறது. கனம் ஏற ஏற அந்த வெள்ளை குறைகிறது; குறைகிற பொருளுக்குத்தான் காவல் வேண்டும். வரைபவர் காம்பஸின் கணக்கை மீறியாவது வெள்ளையைக் காக்க வேண்டும், பயன்படுத்துபவர் அளவாலும் இடைவெளியாலும் சொற்சிக்கனத்தாலும் அதைக் காக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கீழே வரும் நடைமுறை விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

குழப்பம் வராமல் இருக்க ஓர் ஏற்பாடு: ஆங்கில எழுத்துகளை ‘ஓ’, ‘ஏ’ என்று ஒலிப்பெயரால் குறிக்கிறேன், தமிழ் எழுத்துகளை டகரம், ணகரம் என்று சொல்கிறேன். எழுத்தின் கோடுகளுக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளை இடத்துக்கு உள்வெளி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கணக்கு எங்கே உடைகிறது

100 அலகு விட்டமுள்ள வட்டம் ஒன்றை ‘ஓ’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் தடிமன் 10 அலகு என்றால் உள்வட்டத்தின் விட்டம் 80. மொத்தப் பரப்பில் 64 சதவீதம் வெள்ளை. தடிமனை 20 ஆக்கினால் வெள்ளை 36 சதவீதத்துக்கு இறங்குகிறது. 30 ஆக்கினால் 16 சதவீதம்தான் மிச்சம். தடிமன் மூன்று மடங்கானதற்குள் வெள்ளை கால் பங்காகிவிட்டது. இத்தனைக்கும் ‘ஓ’ கொடுத்து வைத்த எழுத்து. அதற்குள் வேறு கோடே கிடையாது. சிறிய ‘இ’ எழுத்தைப் பாருங்கள். மேலே ஒரு வளைவு, நடுவே ஒரு குறுக்குக்கோடு, கீழே ஒரு வளைவு என்று மேலிருந்து கீழாக மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் 20 அலகு என்றால் 60 போய், மீதி 40 இரண்டு இடைவெளிகளுக்கும் ஆளுக்கு 20 ஆகிறது. 30 என்றால் 90 போய்விடும். ஆளுக்கு 5 அலகுதான் மிஞ்சும். இதை அச்சில் பார்ப்போம். 72 பாயின்ட் அளவில், சிற்றெழுத்தின் உயரம் அதில் பாதி என்று வைத்தால், அந்த 5 அலகு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். 12 பாயின்டில் அது 0.1 மில்லிமீட்டர். நியூஸ்பிரிண்ட் தாளில் மை கொஞ்சம் பரவினாலே அந்த இடைவெளி அடைந்துபோகும். ‘இ’ ஒரு கரும்புள்ளியாக நிற்கும்.

ஆகவே வரைபவர் முதலில் கைவிட வேண்டியது ‘எல்லாக் கோடும் ஒரே தடிமன்’ என்ற விதியை. அதே ‘இ’ எழுத்தின் நிமிர்ந்த பக்கங்களை 30 அலகிலேயே விட்டுவிட்டு, கிடையாக ஓடும் மூன்று இடங்களையும் 22-க்கு இறக்கிப் பாருங்கள். மிச்சம் 34, இடைவெளி ஒவ்வொன்றும் 17. ஐந்து அலகாக இருந்த வெள்ளை மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. எழுத்தின் கனம் குறைந்ததாகவும் தோன்றாது. ஒரே தடிமனுள்ள இரண்டு கோடுகளில் கிடைக்கோடு நிமிர்கோட்டைவிடத் தடிப்பாகத் தெரிவது நம் கண்ணின் இயல்பு. கிடைக்கோட்டை மெலிய வைத்தால்தான் இரண்டும் சமமாகத் தெரியும். கண்ணின் இந்த இயல்பு வடிவமைப்பாளருக்குக் கிடைத்த சலுகை. கனமான எழுத்தில் அதை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதற்கும் மேலே வெள்ளை வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு: எழுத்தை அகலமாக்குவது, பெரிய எழுத்தோடு ஒப்பிடும்போது சிற்றெழுத்தின் உயரத்தைக் கூட்டுவது.

ஃபியூச்சுரா கற்றுத்தரும் பாடம்

வடிவியல் எழுத்துரு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஃபியூச்சுரா. பவுல் ரென்னர் 1924-ல் வரையத் தொடங்கினார். ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-ல் வெளியிட்டது. தொடக்க வரைவுகளில் ரென்னர் வடிவியலை அதன் எல்லைவரை கொண்டுபோனார். சிறிய ‘ஆர்’ ஒரு நிமிர்கோடும் பக்கத்தில் ஒரு தனிப் புள்ளியுமாக இருந்தது. அந்தத் துணிச்சலான வடிவங்கள் பின்னர் வழக்கமான தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டன. வெளிவந்த ஃபியூச்சுராவை உருப்பெருக்கிப் பார்த்தால், காம்பஸால் வரைந்ததுபோல் தோன்றும் எழுத்து எத்தனை இடங்களில் காம்பஸை மீறியிருக்கிறது என்பது விளங்கும். ‘ஓ’ முழுவட்டமாகத் தெரிந்தாலும் அதன் கோடு மேலும் கீழும் சற்று மெலிகிறது. சிறிய ‘பி’, ‘டி’ எழுத்துகளில் வளைவு நிமிர்கோட்டைத் தொடும் இடத்தில் இளைத்துப்போகிறது. இளைக்காவிட்டால் அந்த மூலையில் கருப்பு கட்டிக்கொள்ளும். பெரிய எழுத்துகளின் அகலங்களும் சமமாக இல்லை. ரோமானியக் கல்வெட்டு எழுத்துகளைப் பின்பற்றி ‘இ’, ‘எஃப்’, ‘எல்’ ஆகியவை ஒடுக்கமாகவும் ‘ஓ’, ‘ஜி’ ஆகியவை அகலமாகவும் நிற்கின்றன.

கனம் கூடும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் இதே குடும்பத்தில் சான்று உண்டு. மெல்லிய கனங்களில் பெரிய ‘ஏ’ எழுத்தின் உச்சி ஊசிபோல் கூர்மையாக இருக்கும். தடித்த கனத்தில் அந்தக் கூர்முனையை வைத்துக்கொண்டால், இரண்டு தடித்த சாய்கோடுகளும் உச்சிக்கு வெகு கீழேயே ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் முக்கோணத்தை விழுங்கிவிடும். அதனால் தடித்த ஃபியூச்சுராவில் ‘ஏ’ எழுத்தின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டது. குடும்பத்தின் அடையாளமான கூர்முனையையே விட்டுக்கொடுத்து வெள்ளைக்கு இடம் தந்திருக்கிறார்கள். மிகத் தடித்த கனம் வெகுகாலம் கழித்து, 1952-ல், எட்வின் ஷார் வரைந்த தனி வடிவமாகவே வந்தது. கனம் என்பது மெல்லிய எழுத்தை ஊதிப் பெரிதாக்கிக் கிடைப்பதில்லை; ஒவ்வொரு கனமும் புதிதாக வரையப்பட வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கண்ணுக்காக இத்தனை திருத்தம் செய்த பிறகு அதை வடிவியல் என்று எப்படிச் சொல்வது, தூய வட்டத்தில் உள்ள நேர்மை போய்விடாதா என்று கேட்கலாம். மதிக்க வேண்டிய கேள்விதான். 1925-ல் பௌஹவுஸ் பள்ளியின் ஹெர்பர்ட் பேயர், பெரிய எழுத்தே இல்லாமல், காம்பஸையும் அளவுகோலையும் வைத்து ஓர் எழுத்து வடிவத்தை முன்வைத்தார். அந்தச் சிந்தனை வடிவமைப்பு வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சுக்கூடங்களின் அன்றாட உழைப்பைச் சுமந்தது, திருத்தப்பட்ட ஃபியூச்சுராதான். காரணம் தெரிந்ததே. வாசகர் எழுத்தை அளவுகோலால் அளப்பதில்லை, கண்ணால் பார்க்கிறார். வட்டமாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கமென்றால், வட்டமாகத் தெரியாத கணித வட்டம்தான் நோக்கத்திலிருந்து விலகியது. சதுரத்தின் அதே உயரத்தில் வரைந்த வட்டம் சிறிதாகத் தெரிவதால், வளைந்த எழுத்துகளை அடிக்கோட்டுக்குக் கீழும் மேல்கோட்டுக்கு மேலும் ஒரு பிசிறளவு நீட்டி வரைவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கூகுள் 2015-ல் மாற்றிய சின்னத்திலும் வட்டமாகத் தெரியும் ‘ஜி’ கணித வட்டமல்ல. வடிவியல் இந்த எழுத்துகளின் தொடக்கம். முடிவைச் சொல்வது கண்.

போல்டு பொத்தானின் குறை

இரண்டாவது மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. மென்பொருளில் போல்டு பொத்தான் இருக்கிறதே, எழுத்தைச் சுற்றி ஒரு ஸ்ட்ரோக் கொடுத்தால் தடித்துவிடுமே, தனியாக வரைந்த தடித்த எழுத்துருவுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? மேலே பார்த்த கணக்கே இதற்கும் பதில். எழுத்துருவில் தடித்த கனம் இல்லாதபோது மென்பொருள் தானாகச் செய்கிற போல்டு, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கருமையைச் சேர்க்கிறது. கிடைக்கோடு குறைவாகத் தடிக்க வேண்டும் என்பதும், மூட்டுகளில் மெலிய வேண்டும் என்பதும், உச்சியைத் தட்டையாக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. வெளிப்பக்கம் தடித்த எழுத்து அடுத்த எழுத்தை நெருக்குகிறது. உள்பக்கம் தடித்தது உள்வெளியைத் தின்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளைக்குத்தான் நஷ்டம். எனவே எழுத்துரு வாங்கும்போதோ பதிவிறக்கும்போதோ, தடித்த கனம் தனிக் கோப்பாகவோ மாறுபடும் எழுத்துருவின் ஓர் எல்லையாகவோ உண்மையில் வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்க ‘ஓ’ எழுத்தைப் பார்க்காதீர்கள். அது எல்லா எழுத்துருவிலும் அழகாகத்தான் இருக்கும். சிறிய ‘ஏ’, ‘இ’, ‘எஸ்’, எண்களில் 8, குறிகளில் சதவீதக் குறி ஆகியவற்றைப் பாருங்கள். இடமில்லாத எழுத்துகளில்தான் வடிவமைப்பாளரின் உழைப்பு தெரியும்.

எங்கே, எவ்வளவு பெரிதாக

தடித்த எழுத்து எடுப்பாகத் தெரிகிறது, அப்படியானால் தூரத்திலிருந்து படிப்பதற்கும் அதுதானே சிறந்தது என்பது அடுத்த மறுப்பு. ஆனால் தூரம் கூடினால் எழுத்து கண்ணுக்குச் சிறிதாகிறது. சிறிதானால் முதலில் மறைவது உள்வெளி. அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் இந்தச் சிக்கல் வெளிச்சமாகத் தெரிந்தது. இரவில் வண்டியின் விளக்கு பட்டதும் ஒளிரும் வெள்ளை எழுத்துகளின் ஒளி பரவி ‘ஏ’, ‘இ’ போன்றவற்றின் உள்வெளியை அடைத்தது. இதைச் சரிசெய்யவே கிளியர்வியூ என்ற எழுத்துரு உள்வெளியைப் பெரிதாக்கி வரையப்பட்டது. 2004-ல் அதற்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. அதன் பலன் குறித்துச் சர்ச்சை எழுந்து 2016-ல் அனுமதி திரும்பப் பெறப்பட்டு, 2018-ல் மீண்டும் தரப்பட்டது. பலன் எவ்வளவு என்று வாதிடலாம். ஆனால் ஒளி பரவினால் உள்வெளி அடைபடும் என்பதை இரவில் ஒளிரும் எந்தப் பலகையிலும் பார்க்கலாம். எனவே வழிகாட்டிப் பலகைக்கு நடுத்தரக் கனம், கவனத்தை ஈர்க்க வேண்டிய இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் மிகத் தடித்த கனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பயன்பாடுகளைப் பார்த்தால் இந்தச் சிக்கனம் தெரியும். பார்பரா குரூகர் என்ற அமெரிக்கக் கலைஞர் 1980-களிலிருந்து ஃபியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்தைச் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைத்துப் புகழ்பெற்றார். சொற்கள் குறைவு, அளவு பெரிது, சுற்றிலும் தட்டையான ஒரே நிறம். எழுத்தின் வடிவத்தோடு போட்டியிட எதுவும் அந்தப் பட்டைக்குள் இல்லை. 1969-ல் அப்பல்லோ 11 நிலவில் விட்டு வந்த தகட்டிலும் ஃபியூச்சுராவின் பெரிய எழுத்துகள்தான். ஆனால் அங்கே படிக்க வேண்டிய வாசகம் பல வரி. அதனால் மிகத் தடித்த கனம் அங்கே இல்லை. ஒரே குடும்பம், இரண்டு வேலை, இரண்டு கனம். உங்கள் வேலைக்கும் இதையே கட்டளையாகக் கொள்ளலாம்: மிகத் தடித்த வடிவியல் எழுத்து ஒரு தலைப்புக்கு, ஓர் எண்ணுக்கு, ஒரு பெயருக்கு. அதைத் தாண்டி இரண்டாம் வரி வந்தால் கனத்தைக் குறையுங்கள். பத்தி வந்தால் எழுத்துருவையே மாற்றுங்கள். துணைக்கு வரும் பத்தி எழுத்து இன்னொரு வடிவியல் எழுத்தாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவும் இருக்காது, வேறுபட்டும் தெரியாது. பேனா ஓட்டம் தெரிகிற எழுத்தோ செரிஃப் எழுத்தோ பக்கத்தில் இருந்தால்தான் தலைப்பின் வட்டங்கள் வட்டங்களாகத் தெரியும்.

இந்தப் பாணி சலித்துப்போய்விட்டது என்றும் சொல்கிறார்கள். 2000-ல் ஜிக்யூ இதழுக்காக டோபையஸ் ஃபிரியர்-ஜோன்ஸ் வரைந்த காத்தம் என்ற வடிவியல் எழுத்துரு, 2008-ல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. அதன் பின் எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் சின்னத்தை வடிவியல் எழுத்துக்கு மாற்றிக்கொண்டன. சலிப்பு உண்மைதான். ஆனால் சலிப்பூட்டுவது வட்டம் அல்ல, யோசிக்காமல் தட்டச்சு செய்து அப்படியே விட்டுவிடுகிற வழக்கம். ஒரே எழுத்துருவில் அமைத்த இரண்டு தலைப்புகளை வேறுபடுத்துவது இடைவெளி. அடுத்து அதைப் பார்ப்போம்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில்

எழுத்துகளுக்கு நடுவிலான வெள்ளை, எழுத்துகளுக்குள் இருக்கும் வெள்ளைக்கு இணையாகத் தெரிய வேண்டும். இதுதான் விதி. மெல்லிய எழுத்தில் உள்வெளி பெரிது, ஆகவே இடைவெளியும் தாராளமாக இருக்கலாம். தடித்த எழுத்தில் உள்வெளி சிறிது. இடைவெளி அதைவிடப் பெரிதானால் சொல் உடைந்து தனித்தனிக் கட்டிகளாகிவிடும். எனவே பெரிய அளவில் அமைக்கும்போது டிராக்கிங்கை, அதாவது சொல் முழுவதற்குமான எழுத்திடைவெளியை, குறையுங்கள். எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும் வரை குறைக்காதீர்கள். அதே தலைப்பைச் சிறிய அளவில் போடும்போது, குறைத்ததைத் திரும்பக் கூட்டுங்கள். வடிவியல் எழுத்தில் கர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளியைச் சரிசெய்வது, கூடுதல் உழைப்பைக் கேட்கும். முழுவட்டமும் சாய்கோடும் நேர்கோடும் அடுத்தடுத்து வருவதால் இடைவெளிகள் பெரிதும் மாறுபடும். ‘ஏ’ பக்கத்தில் ‘வி’, ‘எல்’ பக்கத்தில் ‘டி’ வரும் இடங்களில் பள்ளம் விழும். இரண்டு வட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் தொட்டும் தொடாமலும் நெருக்கலாம். இரண்டு நேர்கோடுகள் வந்தால் விலக்க வேண்டும்.

ஹெர்ப் லூபாலின் 1968-ல் தொடங்கிய ‘அவாங் கார்ட்’ இதழுக்குச் சின்னம் வரைந்தபோது இந்தப் பள்ளத்தைத்தான் எதிர்கொண்டார். இதழின் பெயரிலேயே ‘ஏ’, ‘வி’, மீண்டும் ‘ஏ’ என்று அடுத்தடுத்து வருகின்றன. எழுத்துகளைச் சாய்த்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி அந்த வெள்ளையை அடக்கினார். அதிலிருந்து டாம் கார்னேஸோடு சேர்ந்து உருவாக்கிய எழுத்துரு 1970-ல் வந்தது. கூடவே ஏராளமான கூட்டெழுத்துகளும் வந்தன. வாங்கியவர்கள் அந்தச் சாய்ந்த எழுத்துகளைப் பள்ளம் இல்லாத இடத்திலும் அலங்காரமாகச் செருகினார்கள். சொற்கள் சரிந்து விழுந்தன. ஒரு சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்த வடிவம் அந்தச் சிக்கல் இல்லாத இடத்தில் தானே சிக்கலாகும். மாற்று வடிவங்களைத் தொடுமுன், இந்த இடத்தில் அடக்க வேண்டிய வெள்ளை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் அமைக்கும்போது

தமிழ் எழுத்தில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. டகரத்தின் குறுக்கே நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது ஒரே ஒரு நிமிர்கோட்டைத்தான் வெட்டும். ணகரத்தின் குறுக்கே இழுத்தால் சுழிகளும் கால்களுமாகப் பல கோடுகளை வெட்டும். இரண்டுக்கும் ஒரே தடிமனையும் ஒரே அகலத்தையும் கொடுத்தால் டகரம் காலியாகவும் ணகரம் அடைபட்டும் நிற்கும். பள்ளியில் ‘இரண்டு சுழி’, ‘மூன்று சுழி’ என்று சொல்லித் தந்ததை நினைத்துப் பாருங்கள். னகரத்துக்கும் ணகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். கனம் அந்தச் சுழியின் உள்வெளியை மூடிவிட்டால் தலைப்பில் எழுத்துப்பிழை விழுந்ததுபோல் ஆகும். ஆகவே தமிழில் தடித்த எழுத்து வரைபவர், சுழி மிகுந்த ணகரம், ஞகரம், இகரம், ஐகாரம் ஆகியவற்றை முதலில் வரைய வேண்டும். அவற்றில் வெள்ளை எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடித்து, அதை வைத்தே மொத்த எழுத்துருவின் தடிமனைத் தீர்மானிக்க வேண்டும். டகரத்திலும் பகரத்திலும் தொடங்கினால் கனம் ஆசைக்கேற்ப ஏறிவிடும். ணகரம் வரும்போது திரும்ப வழி இருக்காது.

வடிவியல் என்பதற்காக எல்லாத் தமிழ் எழுத்தையும் ஒரே வட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்று சிலர் முயல்கிறார்கள். ஒரு சின்னத்துக்கு, நான்கைந்து எழுத்துள்ள பெயருக்கு, அது சரிவரலாம். முழு எழுத்துருவுக்குச் சரிவராது. நம் எழுத்துகளின் அகலம் ஒரு மாதிரியானதல்ல. ரகரம் ஒடுக்கம், ணகரமும் ஞகரமும் அகலம். அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால்தான் வெள்ளை சீராகப் பரவும். ஏக் டைப் நிறுவனம் உருவாக்கிய அனேக் தமிழ் எழுத்துருவில் கனத்தையும் அகலத்தையும் தனித்தனியே மாற்ற முடியும். கனத்தை ஏற்றும்போது அகலத்தையும் சற்று ஏற்றி உள்வெளியை மீட்க இது வசதி. அதே நிறுவனத்தின் பலூ குடும்பத்தில் பலூ தம்பி தமிழுக்கென வந்த கனத்த தலைப்பெழுத்து. இருமொழித் தலைப்பில் ஓர் எச்சரிக்கை: பாப்பின்ஸ் போன்ற வடிவியல் எழுத்துருவில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. பக்கத்தில் வேறொரு தமிழ் எழுத்துருவை வைக்கும்போது கோட்டின் தடிமனை ஒப்பிட்டுச் சேர்க்காதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இரண்டு வரிகளும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தமிழுக்கு ஒரு படி குறைந்த கனம் பொருந்தும்.

வரியிடைவெளியிலும் ஆங்கிலப் பழக்கத்தை அப்படியே கொண்டுவர முடியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே இறங்கும் பகுதி பெரும்பாலும் இல்லாததால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேல்வரியின் உகரக் குறி கீழே இறங்கும். கீழ்வரியின் புள்ளியும் இகரக் குறியும் மேலே ஏறும். தடித்த புள்ளி வட்டமாகப் பருத்திருக்கும்போது மோதல் இன்னும் எளிது. நெருக்கம் வேண்டுமானால் வரிகளை எங்கே உடைப்பது என்பதை மாற்றி, உகரக் குறியும் புள்ளியும் நேருக்கு நேர் வராதபடி சொற்களை நகர்த்துங்கள். தலைப்பை எழுதியவரோடு பேசி ஒரு சொல்லை மாற்றிக்கொள்வதும் வடிவமைப்பின் பகுதியே.

அச்சுக்கு அனுப்புமுன்

கடைசியாகச் சில சோதனைகள். தலைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொல் மறைந்து வடிவம் மட்டும் தெரியும், எங்கே கருப்பு கட்டியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கைபேசித் திரையில் விரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் அடைபடும் எழுத்துதான் உங்கள் கனத்தின் எல்லை. அச்சில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக (ரிவர்ஸ்) போடுவதானால், கருப்பு மை உள்நோக்கிப் பரவி வெள்ளை எழுத்தை மெலிய வைக்கும். வடிவமைப்பாளர் மெலிதாக்கிய மூட்டுகள் அறுந்துபோகாமல் தாங்குமா என்று சோதித்துத் தாளில் பாருங்கள். பின்விளக்குப் பலகையிலும் திரையிலும் நடப்பது நேர்மாறு: வெள்ளை ஒளி வெளியே பரவி உள்வெளியை மூடும், அங்கே ஒரு படி குறைந்த கனத்துக்கு இறங்குங்கள். ஃப்ளெக்ஸில் போகும் தலைப்பை, அது தொங்கப்போகும் உயரத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ற அளவில் தாளில் எடுத்து, அறையின் மறுகோடியில் ஒட்டி, வாசகம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கிய எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கனத்தைக் குறைப்பதா, அகலத்தைக் கூட்டுவதா, சொல்லைச் சுருக்குவதா என்பதை அந்த எழுத்தே முடிவு செய்யட்டும்.